கோபுரங்களின் நிழலில் ஆலயங்கள்

சங்கத் தமிழில் ‘நகர்’ என்னும் சொல்லுக்கு ஊர் என்பது மட்டும் பொருளன்று. மாளிகைக்கும் அச்சொல் வழங்கிற்று, கோயிலுக்கும் வழங்கிற்று. மனிதர் குடியிருக்கும் மனை, இறைவன் குடிகொண்ட கோயில், இவை அமைந்த ஊர் ஆகிய மூன்றையும் நம் முன்னோர் ஒரே சொல்லால் குறித்தனர். ஒரு நகரத்தின் அழகை மதிப்பிட இதைவிட நல்ல அளவுகோல் வேண்டுமோ? இவ்வளவுகோலைக் கையிலேந்தி அமெரிக்கப் பெருநகரங்களின் நடுப்பகுதிகளைச் சற்று நோக்குவோம்.

‘டவுன்டவுன்’ என்று அந்நாட்டார் அழைக்கும் நடுநகரம், உலகின் பல நாடுகள் இன்று பார்த்துப் பின்பற்றும் ஓர் உருவமாகிவிட்டது. அச்சொல் பிறந்தது நியூயார்க்கில். மன்ஹாட்டன் தீவின் தென்முனையில் தோன்றிய அவ்வூர் வடக்கு நோக்கி வளர்ந்தபோது, பழைய தென்பகுதி ‘கீழூர்’ ஆயிற்று. கடைகளும் வங்கிகளும் அங்கேயே தங்கிவிட்டமையால், நாளடைவில் எந்த ஊரிலும் வாணிபம் குவிந்த நடுப்பகுதிக்கு அதுவே பெயராயிற்று. 1850களில் எலிஷா ஓட்டிஸ் என்பவர், கயிறு அறுந்தாலும் கீழே விழாத மின்தூக்கிக்கு வழிகண்டார். சில பத்தாண்டுகளில் எஃகுச் சட்டகம் வந்தது. டிராம் வண்டிகளும் இரயில்களும் நாற்றிசையிலிருந்தும் மக்களை ஒரே இடத்தில் கொண்டுவந்து இறக்கின. நிலத்தின் விலை ஏற, கட்டடமும் உயர்ந்தது.

இவ்வுயர்ந்த கட்டடங்களைக் கண்டதும் மறையுரையாற்றும் நமக்கு உடனே நினைவுக்கு வருவது பாபேல் கோபுரம். செருக்கின் சின்னம் என்று ஒரு சொல்லில் தீர்ப்புக் கூறிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் வரலாறு அவ்வளவு எளிதாக நம்மை விடுவதில்லை. அக்கட்டடங்களின் அடியில் யார் வாழ்ந்தார்கள், யார் விரட்டப்பட்டார்கள், எந்த ஆலயம் தங்கிற்று, எந்த ஆலயம் வெளியேறிற்று என்று கேட்டால்தான் ஒவ்வொரு நகரத்தின் தனிக்குணமும் விளங்கும்.

பிலடெல்பியா: உயரத்தில் வைத்த சாளரங்கள்

1682இல் வில்லியம் பென் என்னும் குவேக்கர் நிறுவிய பிலடெல்பியா, இரண்டு ஆறுகளுக்கு இடையே நேர்கோட்டு வீதிகளும் ஐந்து திறந்த சதுக்கங்களும் கொண்டதாகத் திட்டமிடப்பட்டது. சமயக் கொடுமைக்கு ஆளான குவேக்கர் குழுவைச் சேர்ந்த அவர், தம் குடியேற்றத்தில் மனச்சான்றின் உரிமையைக் காத்தார். இங்கிலாந்தின் ஆட்சிக்குட்பட்ட பிற இடங்களில் திருப்பலிக்குத் தடையிருந்த அந்நாளில், 1733இல் இயேசு சபையினர் இங்கே புனித சூசையப்பர் ஆலயத்தை நிறுவ முடிந்தது. எனினும் அது இன்றும் ஒரு குறுகிய சந்தினுள் ஒதுங்கியே நிற்கிறது.

அந்த அடக்கம் காரணமற்றதன்று. 1844இல் இந்நகரில் கத்தோலிக்கருக்கு எதிரான கலவரம் மூண்டது. அயர்லாந்திலிருந்து வந்த ஏழைகள் பெருகியதும், அரசுப் பள்ளியில் எந்த விவிலியப் பதிப்பை வாசிப்பது என்ற பூசலும் அதற்குத் தூண்டுகோலாயின. புனித மிக்கேல் ஆலயமும் புனித அகுஸ்தீன் ஆலயமும் தீக்கிரையாயின. ஈராண்டு கழித்துத் தொடங்கப்பெற்று 1864இல் நிறைவுற்ற புனித பேதுரு, பவுல் பேராலயத்தின் பக்கச் சுவர்களில் தாழ்வான சாளரம் ஒன்றும் இல்லை. ஒளி அனைத்தும் மேலிருந்தே இறங்குகிறது. கல்லெறிந்தால் எட்டாத உயரத்தில் சாளரங்களை வைத்தார்கள் என்பது அவ்வூர் வழக்கு. அப்பேராலயம் எழும்பிய ஆண்டுகளில் ஆயராயிருந்த புனித யோவான் நியூமன், 1860 ஜனவரி 5 அன்று அந்நகர வீதியொன்றில் நடந்து செல்கையில் சரிந்து விழுந்து உயிர்நீத்தார். பிற்காலத்தில் பீடத்தில் ஏற்றப்பெற்ற ஆயர் ஒருவர் நடுநகர வீதியிலேயே உயிர்நீத்தார் என்பது நம் எண்ணத்திற்குரியது.

இந்நகரின் அழகு அளவறிந்த அழகு. 1901இல் நிறைவுற்ற மாநகர மன்றத்தின் உச்சியில், 548 அடி உயரத்தில் பென்னின் சிலை நிற்கிறது. அவருடைய தொப்பிக்கு மேல் எந்தக் கட்டடமும் எழலாகாது என்று எழுதப்படாத ஓர் உடன்பாடு பல்லாண்டு நிலவியது. சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தாமலே ஒரு வணிக நகரம் தன் பேராசைக்கு வரம்பு கட்டிக்கொண்டது! 1987இல் ‘ஒன் லிபர்ட்டி பிளேஸ்’ என்னும் கட்டடம் அவ்வரம்பைக் கடந்தது. அதன்பின் பென்னைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

நியூயார்க்: வாணிபத்தின் பேராலயம்

நியூயார்க்கிற்கு அத்தகைய அடக்கம் என்றும் இருந்ததில்லை. 1858இல் பேராயர் யோவான் ஹியூஸ் புனித பேட்ரிக் பேராலயத்திற்கு அடிக்கல் நாட்டியபோது, அவ்விடம் ஊரின் நெரிசலுக்கு நெடுந்தொலைவில் இருந்தது. ‘ஹியூசின் மடமை’ என்று எள்ளி நகையாடியவர்கள் இருந்தார்கள். செல்வர் சிலர் ஆளுக்கு ஆயிரம் டாலர் தந்தனர். அயர்லாந்திலிருந்து வந்த பணிப்பெண்களும் கூலியாட்களும் தம் சிறு காணிக்கைகளைச் சேர்த்தனர். உள்நாட்டுப் போரால் தடைபட்டு, 1879இல்தான் ஆலயம் திறக்கப்பட்டது. 1888இல் அதன் இரட்டைக் கூம்புகள் 330 அடி உயரத்தை எட்டின. பணிப்பெண்களின் காசில் எழுந்த கோபுரம் அன்று அம்மாநகரின் வானத்தை ஆண்டது.

நிலைமை விரைவில் மாறிற்று. 5 சென்ட், 10 சென்ட் விலையில் சிறு பொருள்களை விற்றுப் பெருஞ்செல்வரான உல்வொர்த், 1913இல் 792 அடி உயரமுள்ள கட்டடத்தைத் திறந்தார். அதை வரைந்த காஸ் கில்பர்ட், நடுக்காலத் திருக்கோயில்களின் கோத்திக் பாணியில் கூம்பும் வளைவும் அமைத்தார். ‘வாணிபத்தின் பேராலயம்’ என்னும் பட்டம் அதற்குக் கிடைத்தது. அப்பட்டத்தை அளித்தவர் வணிகர் அல்லர், காட்மன் என்னும் போதகர்! ஆலயத்தின் உருவத்தை வாணிபம் எடுத்துக்கொண்டபோது, அதை வாழ்த்தியதும் திருப்பணியாளர் ஒருவர்தான். இதை எண்ணும்போது, குற்றத்தை எல்லாம் வணிகர் தலையில் சுமத்திவிட நமக்கு நா எழவில்லை.

1915இல் எழுந்த ஈக்விட்டபிள் கட்டடம் செங்குத்தாக உயர்ந்து அண்டை வீதிகளை இருளில் ஆழ்த்தியது. அதன் விளைவாக 1916இல் ஒரு சட்டம் பிறந்தது. உயர உயரக் கட்டடம் படிப்படியாக உள்வாங்க வேண்டும், வீதிக்கு ஒளியும் காற்றும் கிடைக்க வேண்டும் என்று அது விதித்தது. 1930இன் கிரைஸ்லர் கட்டடமும் 1931இன் 102 மாடி எம்பயர் ஸ்டேட் கட்டடமும் பெற்ற படிநிலை அழகு அச்சட்டத்தின் குழந்தை. பிறருக்குரிய வெயிலைக் காக்கும் பொருட்டுத் தன்னைக் குறுக்கிக்கொண்டதால் வந்த அழகு அது. அறநூல்கள் கூறும் நீதி கல்லிலும் எஃகிலும் எழுதப்பட்டிருப்பதை நாம் இங்கே காண்கிறோம்.

ஆயினும் நியூயார்க்கின் இதயம் எங்கே என்று கேட்டால், பார்க்லே தெருவிலுள்ள புனித பேதுரு ஆலயத்தையே நாம் சுட்டுவோம். 1785இல் தொடங்கிய அப்பங்கே அம்மாநிலத்தின் முதல் கத்தோலிக்கப் பங்கு. 1805இல் எலிசபெத் சீட்டன் என்னும் கைம்பெண் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தது அங்கேதான். அமெரிக்க மண்ணில் பிறந்தவர்களுள் முதலில் புனிதராக உயர்த்தப்பெற்றவர் அவரே. ஹெய்ட்டித் தீவில் அடிமையாகப் பிறந்து, முடி திருத்தும் தொழிலால் பொருளீட்டி, பிற அடிமைகளின் விடுதலைக்கும் அனாதைப் பிள்ளைகளுக்கும் அதை வாரி வழங்கிய பியேர் தூசேன் நாள்தோறும் திருப்பலி கண்டதும் அவ்வாலயத்திலேயே. இன்று அவருடைய உடல், ஆயர்கள் துயிலும் புனித பேட்ரிக் பேராலயத்தின் நிலவறையில் இருக்கிறது.

2001 செப்டம்பர் 11 அன்று, அவ்வாலயத்திற்கு அருகே நின்ற உலக வணிக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் தகர்க்கப்பட்டன. நியூயார்க்கில் மட்டும் 2,753 உயிர்கள் மாய்ந்தன. தீயணைப்புப் படையின் ஆன்ம குருவான அருட்தந்தை மைக்கேல் ஜட்ஜ், வட கோபுரத்தின் கீழ்த்தளத்தில் இறைவேண்டலோடு நின்றபோது இறந்தார். வீரர்கள் அவர் உடலைச் சுமந்து சென்று புனித பேதுரு ஆலயப் பீடத்தின் முன் கிடத்தினர். இறந்தோர் பட்டியலில் முதல் எண் அவருடையதாயிற்று. அவர் வாழ்ந்த 31ஆம் தெரு பிரான்சிஸ்கன் மடத்தின் வாயிலில், பொருளாதார வீழ்ச்சியின் நாள்களில் தொடங்கிய ரொட்டி வழங்கும் வரிசை தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வந்துள்ளது. அழிந்த இடத்தில் 1,776 அடி உயரப் புதுக்கோபுரம் 2014இல் திறக்கப்பட்டது. உயரத்தை மீட்டுக்கொள்ள முடிந்தது. ஆயினும் அந்நாளில் துயருற்றோர் முதலில் தேடி ஓடியது ஒரு பழைய ஆலயத்தின் திறந்த கதவை என்பதை மறக்கலாகாது.

சிக்காகோ: சாம்பலில் பிறந்த ஒழுங்கு

கட்டடக் கலையின் கண்கொண்டு பார்த்தால் அமெரிக்க நடுநகரங்களுள் முதலிடம் சிக்காகோவுக்கு உரியது என்போம். 1871 அக்டோபரில் மூண்ட பெருந்தீ ஏறத்தாழ 300 உயிர்களைக் கொன்று, ஓரிலட்சம் மக்களை வீடற்றவர்களாக்கிற்று. அந்த வெற்றிடமே புதிய கலைக்கு நிலமாயிற்று. 1885இல் வில்லியம் ஜென்னி அமைத்த ‘ஹோம் இன்சூரன்ஸ்’ கட்டடத்திற்குப் பத்தே மாடிகள். ஆனால் சுமையைச் சுவர்கள் தாங்காமல் உலோகச் சட்டகம் தாங்கிற்று. வானளாவிய கட்டடங்களின் மூதாதை என்று அதைப் பலர் கருதுவர். 1897இல் உயரப்பாதை இரயில் நடுநகரைச் சுற்றி வளையமாய் அமைய, அவ்விடம் ‘லூப்’, அதாவது வளையம், என்ற பெயரால் நிலைபெற்றது. 1974இல் 1,450 அடி உயரத்தோடு உலகிலேயே உயர்ந்ததாய் நின்ற சியர்ஸ் கோபுரத்தின் கட்டமைப்பை வகுத்தவர், டாக்காவில் பிறந்த பஸ்லூர் ரகுமான் கான். ஒன்பது குழாய்களை ஒன்றாகக் கட்டினாற்போல அதை அவர் அமைத்தார். 2009 முதல் அது வில்லிஸ் கோபுரம் எனப்படுகிறது.

இந்நகரின் பேரழகு கட்டடங்களில் மட்டும் இல்லை. கட்டாமல் விட்ட இடத்திலும் இருக்கிறது. மிச்சிகன் ஏரிக்கரை எவர் கட்டடமும் இன்றி என்றும் பொதுவாய் இருக்க வேண்டும் என்று 1836ஆம் ஆண்டு வரைபடத்தில் எழுதிவைத்தார்கள். மோன்ட்கோமரி வார்டு என்னும் வணிகர், அவ்வாக்கைக் காக்க ஏறத்தாழ இருபதாண்டுக் காலம் வழக்காடினார். இன்று ஏழையும் செல்வரும் ஒருங்கே உலவும் கரையோரப் பூங்கா அவ்வழக்கின் பயன். வணிகர் அனைவரும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர் அல்லர்!

1893 செப்டம்பரில் உலக சமயப் பேரவை கூடியதும் இந்நடுநகரில்தான். சென்னை அன்பர்களின் உதவியோடு சென்ற சுவாமி விவேகானந்தர் அங்கே உரையாற்றியதை நாம் அனைவரும் அறிவோம். கர்தினால் கிப்பன்ஸ் அதன் தொடக்கத்தில் ஆண்டவர் கற்பித்த செபத்தைச் சொன்னார் என்பதைச் சிலரே அறிவர். ஈராண்டு கழித்துத் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் இத்தகைய பொதுக் கூட்டங்களில் கத்தோலிக்கர் கலந்துகொள்வதை ஊக்குவிக்கவில்லை. பிற சமயங்களோடு உரையாடத் திருச்சபை முழுமனத்தோடு முன்வர 1965 வரை, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ஏடு வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. பல திசையினரும் ஒரே வீதியில் சந்திக்கும் நடுநகரம், சில வேளைகளில் நமக்கு முன்பே பாடம் படித்துவிடுகிறது.

நடுநகரை விட்டு ஆலயம் போகலாமா என்ற கேள்விக்குச் சிக்காகோவின் மெதடிஸ்ட் சகோதரர்கள் ஒரு விடை தந்தனர். விலைமதிப்பு ஏறிய நிலத்தை விற்றுவிட்டு வெளியே செல்லாமல், 1924இல் 568 அடிக் கட்டடம் ஒன்றை எழுப்பி, கீழே ஆலயம், நடுவே அலுவலகங்கள், உச்சியில் கூம்பு என்று அமைத்தனர். நம்மவர் கதை வேறு. 1856இல் கட்டப்பட்டுப் பெருந்தீயிலும் தப்பிய பழைய புனித பேட்ரிக் ஆலயத்தில், 1983இல் பதிவு பெற்ற பங்கு மக்கள் நால்வரே! மூடியிருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆனால் நடுநகருக்கு வேலைக்கு வரும் இளைஞர்களைத் தேடிச்சென்று, அவர்களைக் கொண்டே அப்பங்கை மறுபடி கட்டினார்கள். பின்னர் அது ஆயிரக்கணக்கானோரின் பங்காக வளர்ந்தது.

வெறுமையான வீதிகள்

அந்த நால்வர் கணக்கு எப்படி வந்தது? இதை அறிய, இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நாட்டில் நிகழ்ந்ததைப் பார்க்க வேண்டும். வீட்டுக் கடன் எளிதாயிற்று, கார்கள் பெருகின, 1956ஆம் ஆண்டுச் சட்டம் நாடெங்கும் விரைவுச்சாலைகளை நகரங்களின் நெஞ்சு வழியே செலுத்திற்று. வசதியுள்ள வெள்ளையர் புறநகர் சென்றனர். கறுப்பின மக்களுக்கு அங்கே வீடு கொடுக்கப் பல இடங்களில் மறுத்தனர். அப்படிச் சென்றவர்களுள் நம் கத்தோலிக்கரும் திரளாய் இருந்தனர் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தியன்று.

‘புதுப்பித்தல்’ என்ற பெயரால் எஞ்சியவையும் இடிக்கப்பட்டன. பாஸ்டனில் 1958 முதல் ‘வெஸ்ட் எண்ட்’ என்னும் குடியிருப்பு தரைமட்டமாக்கப்பட்டு, இத்தாலியர் முதலிய ஏறத்தாழ 2,700 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அவர்களுடைய புனித சூசையப்பர் ஆலயம் மட்டும் தப்பியது. ஆலயம் இருந்தது, பங்கு இல்லை. அதே நகரில் 1976இல் எழுந்த 60 மாடி ஹான்காக் கோபுரத்தின் கண்ணாடிச் சுவரில், அருகிலுள்ள எப்பிஸ்கோப்பல் சபையின் திரித்துவ ஆலயம் படம்போல் தெரிவதைப் பயணிகள் வியந்து பார்ப்பர். அழகிய காட்சிதான். ஆயினும் கண்ணாடியில் ஆலயத்தைக் காண்பது வேறு, அதனுள் சென்று முழந்தாளிடும் அண்டை வீட்டார் இருப்பது வேறு.

செயின்ட் லூயிஸ் நகரில், மிசிசிப்பி ஆற்றங்கரையிலிருந்த ஏறத்தாழ 40 கட்டடத் தொகுதிகளை ஒரு நினைவுச் சின்னத்திற்காக 1939 முதல் இடித்தகற்றினார்கள். 1834இல் எழுந்த அரசர் புனித லூயிஸ் ஆலயத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். 1965இல் 630 அடி உயர எஃகு வளைவு அங்கே நிறைவுற்றது. எழில்மிகு வளைவு என்பதில் ஐயமில்லை. அதனருகே அவ்வாலயம், தன் வீதியும் தன் மக்களும் எங்கே என்று கேட்பதுபோல் நிற்கிறது. ஒரு நடுநகரத்தை உயிரோடு வைத்திருப்பவை நடைபாதையும், சிறு கடைகளும், வீதியைக் கவனித்துக்கொண்டிருக்கும் குடும்பத்தவரின் கண்களுமே என்று ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் பெண்மணி 1961இல் வெளியிட்ட நூலில் வாதிட்டபோது, வல்லுநர் பலர் அவரை ஏளனம் செய்தனர். இன்று அவ்வல்லுநரின் வழிவந்தோரே அவருடைய நூலைப் பாடமாகப் படிக்கின்றனர்.

வெறுமையின் உச்சம் டெட்ராய்ட். 1950இல் 18 இலட்சத்து 50 ஆயிரம் மக்கள் வாழ்ந்த அந்நகரில் 2020இல் எண்ணப்பட்டவர் 6 இலட்சத்து 39 ஆயிரம். 2013இல் நகராட்சியே திவாலாயிற்று. ஆயினும் அந்நகரின் முத்திரை வாசகம், நல்லவை வரும் என்றும், நகரம் சாம்பலிலிருந்து எழும் என்றும் இலத்தீனில் கூறுகிறது. 1805இல் ஊர் முழுவதும் எரிந்தபோது அதைச் சொன்னவர் புனித அன்னம்மாள் பங்கின் குருவான கபிரியேல் ரிச்சர்டு. பின்னர் அமெரிக்கப் பேரவையில் அமர்ந்த முதல் கத்தோலிக்கக் குரு அவர். 1832இல் காலரா கண்டோருக்குப் பணிபுரிந்து இறந்தார். 1988இல் கடைசி இரயிலை வழியனுப்பிவிட்டுப் பாழடைந்து கிடந்த அந்நகரின் மிச்சிகன் மத்திய நிலையம், 2024இல் புதுப்பொலிவோடு திறக்கப்பட்டது. பங்குக் குருவின் ஒரு சொல் இரு நூற்றாண்டு உயிர்வாழ்வதை எண்ணி நாம் நம் மறையுரைகளைச் சற்று அஞ்சியே ஆயத்தம் செய்ய வேண்டும்.

மேற்குக் கரையில்

இயற்கையும் செயற்கையும் கூடிய எழிலுக்குச் சான் பிரான்சிஸ்கோவை விஞ்ச இயலாது. குன்றுகள், விரிகுடா, மூடுபனி, அவற்றினிடையே 1972இன் கூர்நுனிப் பிரமிடு. அங்கே கலிபோர்னியாத் தெருவில் 1854 கிறிஸ்து பிறப்பு விழாவில் அர்ச்சிக்கப்பட்ட பழைய மரியன்னை ஆலயம் உள்ளது. சீனத்திலிருந்து வந்த கருங்கல்லின் மீது எழுந்த அது, 1906 ஏப்ரல் 18 நிலநடுக்கத்தைத் தாங்கிற்று. தொடர்ந்து மூண்ட தீ அதன் உள்ளே இருந்த அனைத்தையும் தின்றது. செங்கற் சுவர்கள் நின்றன. காலத்தைக் கருதித் தீமையை விட்டு விலகுமாறு மகனுக்குச் சொல்லும் சீராக் ஆகமத்தின் அறிவுரை இன்றும் அதன் கடிகாரத்தின் கீழ் நின்று வீதியை நோக்குகிறது.

இந்நகரம் செய்த ஒரு செயல் பாராட்டுக்குரியது. கடற்கரையை மறைத்து எழுப்பிய ஈரடுக்கு விரைவுச்சாலை 1989இன் நிலநடுக்கத்தில் பழுதுற்றபோது, அதைத் திருத்தாமல் 1991இல் இடித்தே விட்டனர். மக்களுக்கும் கடலுக்கும் இடையே நின்ற சுவர் நீங்கிற்று. தவறு செய்தபின் அதை ஏற்று இடிக்கும் துணிவும் நகரங்களுக்கு வேண்டும்.

ஆனால் இவ்வெழில் நகரில் வாடகை கொடுக்க இயலாதார் நடைபாதையில் உறங்குகின்றனர். டெண்டர்லாயின் என்னும் பகுதியில் பிரான்சிஸ்கன் சபையினர் 1950 அக்டோபர் 4இல் புனித அந்தோணியார் உணவுக்கூடத்தைத் திறந்தனர். அருகிலுள்ள புனித போனிபாஸ் ஆலயத்தில் 2004இல் வேறொரு பணி தொடங்கிற்று. வீடற்றோர் வேலைநாள்களில் ஆலயத்தினுள் வந்து இருக்கைகளில் படுத்துறங்கினர். முன்பகுதியில் வழிபாடு வழக்கம்போல் நடந்தது. அசிசியார் ஓநாயையும் ஊராரையும் சமாதானப்படுத்தியதாகக் கூறப்படும் குப்பியோ என்னும் ஊரின் பெயரை அப்பணிக்கு இட்டனர். ஆலயத்தின் மாண்பு இதனால் குறைகிறதோ என்று கேட்போர் இருக்கலாம். தலைசாய்க்க இடமில்லை என்று தம்மைப் பற்றிச் சொன்னவரின் இல்லத்தில், தலைசாய்க்க இடமில்லாதவர் உறங்குவது மாண்புக் குறைவாகுமா?

இக்கேள்வி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலும் எழுந்தது. 1994இன் நிலநடுக்கத்தில் பழைய பேராலயம் சேதமுற, ஏறத்தாழ 19 கோடி டாலர் செலவில், ரபேல் மொனியோ வரைந்த வானதூதர்களின் அன்னை பேராலயம் 2002இல் விரைவுச்சாலையின் ஓரத்தில் எழுந்தது. மெல்லிய சலவைக்கல் சாளரங்களின் வழியே கசியும் ஒளியும், நெய்த திரைச்சீலைகளில் இறைமக்களோடு ஒரே திசை நோக்கி நடக்கும் புனிதர் கூட்டமும் நெஞ்சை உருக்கக் கூடியவை. ஆனால் அதற்குச் சிறிது தொலைவில் ஆயிரக்கணக்கானோர் கூடாரங்களில் வாழ்ந்து வருகின்றனர். இத்தனை பணத்தை ஏழைகளுக்குத் தந்திருக்கலாகாதா என்று கத்தோலிக்கரே கேட்டனர். பெத்தானியாவில் நறுமணத் தைலம் ஊற்றப்பட்டபோது எழுந்த கேள்வியும் இதுவே. ஆண்டவர் அன்று அப்பெண்ணின் செயலை ஏற்றார். ஏழைகள் எப்போதும் நம்மோடு இருப்பதையும் நினைவூட்டினார். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் பற்றிக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

எது அழகிய நகரம்?

ஒப்பிட்டுக் கூறுமாறு கேட்டால், அளவுக்குப் பிலடெல்பியா, ஆற்றலுக்கு நியூயார்க், ஒழுங்குக்குச் சிக்காகோ, நினைவுக்குப் பாஸ்டன், இயற்கைக்குச் சான் பிரான்சிஸ்கோ, நம்பிக்கைக்கு டெட்ராய்ட் என்று நாம் வரிசைப்படுத்துவோம். ஆனால் இவ்வரிசைக்கு அடியில் ஓர் உண்மை இழையோடுகிறது. அந்நகரங்கள் அழகு பெற்ற இடமெல்லாம் யாரோ ஒருவர் தமக்குரியதில் ஒரு பங்கைப் பிறருக்காக விட்டுக்கொடுத்த இடம்: வீதிக்கு விட்ட வெயில், மக்களுக்கு விட்ட ஏரிக்கரை, உறங்குவோர்க்கு விட்ட இருக்கை. அவை அழகிழந்த இடமெல்லாம் மனிதரை அகற்றிவிட்டுப் பார்வைக்கு மட்டும் ஒழுங்கு செய்த இடம்.

ஆகவே பாபேலைப் பற்றி நாம் தொடக்கத்தில் சொன்னதைத் திருத்திக்கொள்ள வேண்டும். குற்றம் உயரத்தில் இல்லை. தமக்கே பெயர் தேடிக்கொள்வதில்தான் தொடக்கநூல் குற்றம் காண்கிறது. தன்னலம் ஒரு நகரையும், இறையன்பு மற்றொரு நகரையும் கட்டுகின்றன என்று புனித அகுஸ்தீனார் கற்பித்தார். அவ்விரு நகரங்களும் இம்மண்ணில் ஒன்றோடொன்று கலந்தே கிடக்கின்றன என்பதும் அவருடைய போதனையே. அவர் வழிவந்த சபையின் துறவி ஒருவர், சிக்காகோவில் பிறந்தவர், 2025 மே 8 அன்று 14ஆம் சிங்கராயர் என்னும் பெயரோடு திருத்தந்தையானார். தொழிலாளரின் உரிமைக்குக் குரல் கொடுத்த 13ஆம் சிங்கராயரை நினைந்தே அவர் அப்பெயரை ஏற்றார். அவர் சிறுவனாய்த் திருப்பலி கண்ட, அந்நகரின் தென்கோடியிலுள்ள மரியன்னை ஆலயமோ அந்நாளில் பூட்டிக் கிடந்தது. மக்கள் வெளியேறிய பங்குகளின் வரலாறு திருத்தந்தையின் சொந்த வரலாறாகவும் இருக்கிறது.

திருவெளிப்பாடு காட்டும் விண்ணக எருசலேமில் கோயில் இல்லை. இறைவனே அங்குக் கோயில். அதன் வாயில்கள் ஒருநாளும் அடைக்கப்படுவதில்லை. நகரும் கோயிலும் மனையும் ஒன்றாகும் நிலை அது. நம் பழந்தமிழ்ச் சொல் குறித்த மூன்று பொருளும் அங்கே கூடுகின்றன. அந்நகரம் வரும்வரை, இந்நகரங்களின் நடுவே ஒரு கதவாவது திறந்திருக்க வேண்டும்.

நம் பங்குகளிலிருந்தும் பிள்ளைகள் பலர் அந்நகரங்களுக்குப் படிக்கவும் உழைக்கவும் சென்றுள்ளனர். கோபுர உச்சியில் நின்று எடுத்த நிழற்படங்களை அவர்கள் அனுப்பும்போது மகிழ்வோம். கூடவே, கீழே இறங்கி, இரண்டு தெரு தள்ளியிருக்கும் பழைய ஆலயத்தின் கதவைத் தள்ளிப் பார்க்குமாறும் எழுதுவோம். உள்ளே உறங்குபவர் யார், மன்றாடுபவர் யார் என்று அவர்கள் பார்த்து வந்து சொல்லட்டும். அந்நகரத்தின் அழகை நாம் அப்போதுதான் சரியாக மதிப்பிட முடியும்.